பயணம் புறப்படுமுன்

பெட்டியை ஆயத்தம் செய்வது ஒரு நாள் வேலை. மனத்தை ஆயத்தம் செய்வதுதான் நெடுநாள் வேலை. இதை அறிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நானும் என் மனைவியும் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்கும், அங்கிருந்து ஜூபிலி ஆண்டுத் திருயாத்திரையாக உரோமாபுரிக்கும் சென்று வந்தோம். எண்பத்தைந்து நாள் பயணம். உரோமாபுரியின் பேராலயங்களைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். நான் எழுத விரும்புவது, விமானம் ஏறுவதற்கு முந்திய எட்டு மாதங்களைப் பற்றியே. ஏனெனில், எங்கள் யாத்திரையின் பெரும்பகுதி எங்கள் வீட்டுக்குள்ளும் எங்கள் தெருவிலுமே நடந்து முடிந்தது.

நான் நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஒரே மகள் செவிலியாகப் பணிபுரிய ஜெர்மனி சென்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. "அம்மாவும் அப்பாவும் ஒரு முறையாவது வாருங்கள்" என்று ஆண்டுதோறும் அழைப்பாள். நாங்களும் ஆண்டுதோறும் ஒரு காரணம் சொல்வோம். ஒரு வருடம் வீட்டுக் கூரை, மறு வருடம் பங்குத் திருவிழா, அதற்கடுத்த வருடம் என் மனைவியின் முழங்கால் வலி.

2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலையில், முந்திய இரவு உரோமாபுரியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே புனித இராயப்பர் பேராலயத்தின் புனித வாசலைத் திறந்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையோடு நின்று பார்த்தாள். "எண்பத்தெட்டு வயதில் அவர் நாற்காலியில் இருந்தபடியே ஒரு கதவைத் திறக்கிறார். நான் முழங்காலைச் சாக்குச் சொல்கிறேனே!" என்றாள். அன்று மாலையே மகளுக்குச் சொல்லிவிட்டோம், வருகிறோம் என்று. 2025 மே மாதம் எங்கள் திருமணத்துக்கு நாற்பது ஆண்டு நிறைவு. அதற்கும் இதுவே கொண்டாட்டமாகட்டும் என்று முடிவு செய்தோம்.

ஒருத்திக்கு மூன்று பெயர்கள்

முதல் தடை பெயரில் வந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காக என் மனைவியின் ஆவணங்களை மேசைமேல் பரப்பியபோது, நாற்பது ஆண்டுகளாக நான் மூன்று பெண்களோடு குடித்தனம் நடத்தி வந்ததுபோல் தோன்றியது. 1962-ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவில் ஒரு புனிதையின் பெயர். பள்ளிச் சான்றிதழில், பிறந்த வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். வாக்காளர் அட்டையில், அந்தச் செல்லப் பெயரே ஓர் எழுத்துப் பிழையோடு. வெளிநாடு செல்ல நினைக்கும் நம் குடும்பங்கள் முதலில் கவனிக்கவேண்டியது இதுவே. எல்லா அட்டைகளிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே பிறந்த தேதி இருக்கவேண்டும். அவற்றைத் திருத்தி முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

அதற்காகப் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் பங்குச் சுவாமியார் இரும்பு அலமாரியைத் திறந்து, ஓரம் செல்லரித்த தடித்த பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பதிவு இலத்தீன் மொழியில் இருந்தது. குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானத்தாய் தந்தையரின் பெயர்கள், குருவானவரின் கையொப்பம். என் மனைவி ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அம்மாவின் பெயரை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை" என்றாள். என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய பெயர் எழுதப்பட்ட தாள் உலகில் அது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

நமக்குள்ள முதலெழுத்து வழக்கமும் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துவருவதில்லை. முதலெழுத்தை விரித்து எழுதவேண்டும். என் தந்தையின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராயிற்று. என் பெயர் என் மனைவிக்குக் குடும்பப் பெயராயிற்று. "இனி அந்த நாட்டில் உங்களை எல்லாரும் மாமாவின் பெயரால்தான் அழைப்பார்கள்" என்று அவள் சிரித்தாள். பிறகு, சிரிப்பு மாறாமலே, "உங்கள் தம்பி பாஸ்போர்ட் எடுத்தாலும் இதே பெயர்தான்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. என் தம்பியும் நானும் பேசிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் வீடு எங்கள் தெருவிலேயே, அறுபது அடி தூரத்தில் இருக்கிறது.

அவர் முந்திக்கொண்டார்

ஏப்ரல் 20, பாஸ்குத் திருநாள். பாப்பரசர் மேல்மாடத்தில் தோன்றி உலகுக்கு ஆசி வழங்கியதைக் கண்டோம். மறுநாள் அவர் இறைவனடி சேர்ந்தார். செய்தி கேட்டு என் மனைவி அழுதாள். அவரை நேரில் காணலாம் என்பதே அவள் ஆசையாயிருந்தது. "நாம் புறப்படுமுன் அவர் புறப்பட்டுவிட்டாரே" என்றாள்.

அந்த நாள்களில் அவரைப் பற்றி வெளிவந்த செய்திகளில் இரண்டு எங்கள் உள்ளத்தில் தங்கின. அவர் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பும் பின்பும், உரோமாபுரியில் உள்ள மரியன்னைப் பெருங்கோவிலுக்குச் சென்று, அங்குள்ள பழமையான மாதா படத்தின் முன் செபிப்பது வழக்கமாம். தாயிடம் சொல்லிக்கொண்டு போய், திரும்பியதும் தாயிடம் வந்து நிற்கும் பிள்ளையைப் போல! தம்மை அந்தக் கோவிலிலேயே, அலங்காரம் ஏதுமின்றி மண்ணில் அடக்கம் செய்யவேண்டும், கல்லில் தம் பெயர் மட்டும் போதும் என்று 2022-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்றே எழுதிவைத்திருந்தார் என்பது மற்றொன்று. அடக்கச் செலவுக்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

அன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும் என் மனைவி கேட்டாள்: "அவர் போவதற்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். நாம் வைத்திருக்கிறோமா?"

பயணத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நான் பாவனை செய்தேன். "விசா இன்னும் வரவில்லையே" என்றேன்.

தேய்ந்த விரல்கள்

விசாவுக்காக ஜூலை மாதம் சென்னை சென்றோம். சுற்றுலா விசாவில் ஐரோப்பாவின் அந்த நாடுகளில் நூற்றெண்பது நாளைக்குள் தொண்ணூறு நாள் மட்டுமே தங்கலாம். மகள் தன் ஊர் அலுவலகத்தில், பெற்றோரின் செலவுக்குத் தானே பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி அனுப்பியிருந்தாள். குறைந்தது முப்பதாயிரம் யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கின் விவரம், திருமணச் சான்று, திரும்பி வருவதற்கான பயண ஏற்பாடு ஆகிய அனைத்தையும் அடுக்கிக்கொண்டு போயிருந்தோம்.

தாள்களில் குறை இல்லை. குறை விரலில் வந்தது. பத்து விரல்களின் ரேகையையும் கண்ணாடிமேல் வைத்துப் பதிவு செய்கிறார்கள். என் ரேகை உடனே விழுந்தது. என் மனைவியின் ரேகை விழவில்லை. பணிப்பெண் துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். விழவில்லை. மூன்றாம் முறையும் விழவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். என் மனைவி ஏதோ குற்றம் செய்தவள் போல் தலைகுனிந்தாள்.

"அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அந்தப் பெண் பரிவோடுதான் கேட்டார்.

"ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றாள் என் மனைவி.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஒன்றும் இல்லையா? திருமணமான புதிதில் என் சம்பளம் போதாமல், பன்னிரண்டு ஆண்டுகள் அவள் பனையோலை கிழித்துப் பெட்டி முடைந்தாள். ஓலையின் விளிம்பு கத்தி போன்றது. அதன் பிறகு சாம்பலும் சோப்பும், ஆட்டுக்கல்லும், என் தாயின் நோய்ப்படுக்கையும். வயதாலும் கைவேலையாலும் ரேகை தேய்வது இயல்பு என்று அந்தப் பெண் விளக்கினார். கையில் களிம்பு தடவி, சற்று நேரம் பொறுத்து, நான்காம் முறை வைத்தபோது ரேகை விழுந்தது.

இரவு ரயிலில் ஊர் திரும்பும்போது, எதிர் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கைகள் தந்த காப்பியைக் குடித்தவன் நான். அவற்றை உற்றுப் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

விசா கிடைத்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் இரும்புப் பெட்டியைத் திறந்து, எங்கள் கணக்கு வழக்குகளை அவளுக்கு விளக்க உட்கார்ந்தேன். ஏப்ரல் மாதம் அவள் கேட்ட கேள்வி அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. இருவர் சேர்ந்து போகிறோம். ஒருவர் மட்டும் திரும்ப நேர்ந்தால்? இருவரும் அதை நினைத்தோம். வாயால் சொல்லவில்லை.

ஓய்வூதியம் எந்த வங்கியில் வருகிறது, வாழ்வுச் சான்று எப்போது கொடுக்கவேண்டும், குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரிடம் விண்ணப்பிக்கவேண்டும், வைப்புத்தொகைச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன, எவற்றுக்கு அவளை நியமனதாரராகக் குறித்திருக்கிறேன் என்பனவெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு கணக்கு என் பெயரில் தனியாக இருந்தது. அதை இருவர் பெயருக்கும் மாற்ற வங்கியில் கொடுத்த படிவத்தை அவளிடம் நீட்டினேன். அதில் ஒரு வரி: "இருவரில் எவரேனும், அல்லது உயிருடன் இருப்பவர்." அவள் அந்த வரியை இருமுறை படித்தாள். ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டாள்.

உயிலும் எழுதினேன். நம்மில் பலர் உயில் என்றாலே அபசகுனம் என்று அஞ்சுகிறோம். அந்தக் காலத்து யாத்திரீகர்களுக்கு அது யாத்திரையின் முதற்படி. கடன்களைத் தீர்த்து, உயில் எழுதி, பகையானவர்களோடு ஒப்புரவாகி, குருவானவரிடம் கோலுக்கும் பைக்கும் மந்திரிப்புப் பெற்ற பின்னரே அவர்கள் நடை தொடங்கினார்கள். நம் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து யாருக்கு எழுதப்படுகிறதோ அவரோ, அவருடைய கணவரோ மனைவியோ சாட்சிக் கையொப்பம் இடலாகாது. இட்டால் அந்தப் பங்கு அவருக்குச் சேராது. பதிவு செய்வது கட்டாயமன்று; செய்தால் நல்லது.

நான் எழுதி முடித்ததும் என் மனைவி மற்றொரு நோட்டை எடுத்து என்முன் வைத்தாள். "இனி நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எந்த மாத்திரையை உணவுக்கு முன் தின்னவேண்டும், எது எனக்கு ஒவ்வாது. எரிவாயு உருளை எத்தனை நாள் வரும். பால்காரிக்கு எந்தத் தேதியில் பணம். என் அக்காள் மகளுக்கு வளைகாப்பில் என்ன செய்தோம், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள். யார் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போகவில்லை, யாரிடம் அதற்காக வருத்தம் சொல்லவேண்டும். என் தாயின் நினைவுப் பூசை எந்த நாளில் என்று சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்திரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் வீட்டில் பாதியைத்தான் நான் அறிவேன். மறுபாதியில் நான் விருந்தாளியாகவே இருந்து வந்திருக்கிறேன் என்பதை அந்த முப்பத்திரண்டு பக்கங்கள் எனக்குக் கற்பித்தன.

கடைசிப் பக்கத்தில் அவள் சொன்னது: "கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுக்கவேண்டியது." சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள்.

"என்ன கொடுக்கவேண்டும்?" என்றேன்.

"அது உங்கள் நோட்டில் இருக்கவேண்டியது. உங்கள் பெட்டியில் பாருங்கள்."

பூட்டிய மோட்டார் அறை

என் தந்தை இறந்தபின், 1991-இல் என் தாயின் முன்னிலையில் பாகப்பிரிவினை நடந்தது. தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. கிணறு மட்டும் பொது. மோட்டார் என் செலவில் வைத்தது. மின் இணைப்பும் என் பெயரில். நான்கு நாள் எனக்கு, நான்கு நாள் தம்பிக்கு என்று முறை வைத்துப் பாய்ச்சி வந்தோம். 2009-ஆம் ஆண்டு கோடையில் கிணற்றில் நீர் இறங்கியது. என் தென்னைகள் வாடின. ஒரு நாள் அவனுக்கும் எனக்கும் வார்த்தை தடித்தது. "மோட்டார் என்னுடையது" என்று சொல்லி, மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் தோட்டத்தில் குலை தள்ளும் பருவத்தில் நின்ற வாழை முழுவதும் கருகிற்று. அதன்பின் அவன் வானத்தை நம்பியே பயிரிட்டான். 2012-இல் எங்கள் தாய் இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை நான் தூக்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்திரத்தை எடுத்துப் படித்தேன். "கிணற்றிலும் நீர்ப்பாத்தியத்திலும் சரிபாதி" என்று தெளிவாக எழுதியிருந்தது. புதிதாக அறிந்துகொண்டது போல் இங்கே எழுதினால் அது பொய்யாகும். பூட்டிய அன்றே அது எனக்குத் தெரியும். பதினாறு ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, "கோபம் கொண்டேன்" என்று பொதுப்படச் சொன்னேனேயன்றி, பூட்டைப் பற்றிச் சொன்னதேயில்லை.

ஜூபிலி என்பது என்ன? லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, கைமாறிய நிலத்தை அதற்குரியவரிடமே திருப்பித் தரவேண்டும் என்பது இஸ்ராயேல் மக்களுக்கு இடப்பட்ட கட்டளை. திருச்சபையில் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் 1300-ஆம் ஆண்டில் முதல் ஜூபிலியை அறிவித்தார். அன்றுமுதல் கோடிக்கணக்கானோர் பரிபூரணப் பலனை நாடி உரோமாபுரிக்கு நடந்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துகளுக்காகச் செபம், பாவப்பற்றை அறவே விடுதல் ஆகியவை அப்பலனுக்குரிய நிபந்தனைகள். நானோ அடுத்தவன் தண்ணீரைப் பூட்டிய சாவியை வீட்டில் வைத்துவிட்டு, திறந்திருக்கும் வாசல் ஒன்றைத் தேடி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன்!

"நீங்கள் அந்த வீட்டுக்குப் போகாமல் நான் விமானம் ஏறமாட்டேன்" என்றாள் என் மனைவி. நாற்பது ஆண்டுகளில் அவள் எனக்கு விதித்த ஒரே நிபந்தனை அது.

ஆகஸ்ட் 14, மோட்ச ஆரோபணத் திருநாளின் முந்திய மாலை. இருவரும் அறுபது அடி நடந்தோம். அதைவிட நீண்ட வழியை நான் பின்னர் உரோமாபுரியிலும் நடக்கவில்லை. தம்பி திண்ணையில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். எழுந்தவன் "வா" என்றும் சொல்லவில்லை. ஆசிரியனாயிற்றே, சொல்லவேண்டியதைப் பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்தேன். "பத்திரத்தில் சரிபாதி என்றுதான் இருக்கிறது. அன்றும் எனக்கு அது தெரியும். உன் வாழைக்கு நான் ஈடு தரவேண்டும்" என்றேன்.

அவன் சாவியைத் தொடவில்லை. "வாழை போனது போகட்டும், அண்ணே. அம்மா கிடந்த அன்றைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நெடுநேரம் மூவரும் பேசாதிருந்தோம். பிறகு அவன் என்னை விட்டு, என் மனைவியைப் பார்த்து, "மதினி, முழங்கால் எப்படி இருக்கிறது? அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியுமா?" என்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

சாவி திண்ணையிலேயே கிடந்தது. நாங்கள் வீடு திரும்பினோம். ஒப்புரவாகிவிட்டதா இல்லையா என்று அன்றிரவு எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் திருநாள் பூசை முடிந்து வரும் வழியில், தோட்டப்பக்கம் ஒரு சத்தம் கேட்டு என் மனைவி நின்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஓலைக் கொட்டானும் இரண்டு பெட்டிகளும்

பிறகு பெட்டி அடுக்கும் வேலை எளிதாயிற்று. போக விரும்புவோருக்குப் பயன்படும் என்று சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்குரிய மருந்துகளை அவற்றின் அட்டையோடும், மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சரக்குப் பெட்டியில் போடலாகாது. சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் இருந்தால் எந்த நாட்டு மருத்துவரும் புரிந்துகொள்வார். இறைச்சி, பால் ஆகியவற்றால் ஆன பொருள்களைப் பயணிகள் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. ஆதலால் மகளுக்காக உருக்கிய நெய்யும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் தம்பி வீட்டுக்குப் போயின. கருவாட்டுக்குத் தடையில்லை என்று அறிந்தபோது என் மனைவி அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தானே முடைந்த ஓலைக் கொட்டானில் கருப்பட்டியை அடுக்கி, மேலே ஓலையால் மூடிக் கட்டினாள். பத்து ஆண்டுகளுக்குப் பின் அவள் ஓலை தொட்டது அப்போதுதான்.

நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஆகவே இடையிடையே எழுந்து நடக்கவும், தண்ணீர் நிறையக் குடிக்கவும் மருத்துவர் அறிவுறுத்தினார். முழங்கால் வலி உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதில் வெட்கம் எதற்கு? ஒரு பாப்பரசர் அமர்ந்த ஆசனமன்றோ!

மகள் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னாள். கணவன் துணி ஒரு பெட்டியிலும் மனைவி துணி மறு பெட்டியிலும் வைக்காமல், இருவருடையதையும் இரண்டிலும் பாதிப்பாதியாகப் பிரித்து வையுங்கள். ஒரு பெட்டி வழியில் தவறினாலும் மற்றொன்றில் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும் என்றாள். அப்படியே செய்தோம். என் பெட்டியில் அவள் சேலைகள். அவள் பெட்டியில் என் சட்டைகள். இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் அவ்வாறே மாற்றி வைத்தோம். என் கணக்கு நோட்டு அவளிடம். அவளுடைய முப்பத்திரண்டு பக்கம் என்னிடம்.

புறப்பாடு

செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் திருநாள். காலைப் பூசைக்குப் பின் பங்குச் சுவாமியார் எங்களைப் பீடத்தின் முன் அழைத்து, யாத்திரீகர்களுக்குரிய செபத்தைச் சொல்லி ஆசீர்வதித்தார். அதற்கு முந்திய சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். இம்முறை பூட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு மாதா பீடத்தில் மெழுகுதிரி ஏற்றி, "போய் வருகிறோம், அம்மா" என்று சொல்லிக்கொண்டோம். பாப்பரசர் பிரான்சிஸ் செய்ததும் இதுவே.

விமானம் மறுநாள் விடியற்காலை திருவனந்தபுரத்திலிருந்து. எங்கள் பகுதியினருக்குச் சென்னையைவிட அதுவே பக்கம். இரவு ஒன்பது மணிக்குக் கார் வந்தது. தெருவார் கூடியிருந்தனர். வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முன்னரே யோசித்து, அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். தம்பி முன்னால் வந்து கையை நீட்டினான். "இங்கே கொடுங்கள், அண்ணே. தென்னைக்கும் நானே தண்ணீர் விட்டுக்கொள்கிறேன்" என்றான். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நான் இடுப்பில் செருகிய கையால் வீட்டுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். வாழைக்கு ஈடு பற்றி மறுபடி சொல்ல வாயெடுத்தேன். "திரும்பி வாருங்கள், பேசிக்கொள்வோம்" என்றான். அந்தத் "திரும்பி வாருங்கள்" எனக்குப் போதுமானதாயிருந்தது. திரும்பி வந்ததும் பேசினோம், ஈடும் செய்தேன்.

என் மனைவி அதுவரை விமானத்தை வானத்தில் மட்டுமே கண்டவள். சன்னல் ஓரத்து இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். இடுப்புப் பட்டையைப் பூட்டத் தெரியாமல் திகைத்தாள், எனக்கும் தெரியவில்லை. பணிப்பெண் வந்து இருவருக்கும் பூட்டிவிட்டார். விமானம் ஓடத் தொடங்கியபோது சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு கையில் செபமாலையைப் பற்றிக்கொண்டாள். மறு கையால் என் கையைப் பிடித்தாள். பலர் காண அவள் என் கையைப் பிடித்தது, 1985-இல் பீடத்தின் முன் குருவானவர் எங்கள் வலக்கைகளைச் சேர்த்து வைத்ததற்குப் பின் அன்றுதான் என்று நினைக்கிறேன். ஓலை அறுத்த அந்த விரல்களின் சொரசொரப்பு என் உள்ளங்கையில் நன்கு தெரிந்தது. கண்ணாடியில் ரேகை விழாமல் போயிருக்கலாம். என் வாழ்வில் அது அழுத்தமாகவே விழுந்திருக்கிறது.

கீழே விளக்குகள் சிறுத்தன. "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம்" என்றாள்.

அன்பு வாசகர்களே, உரோமாபுரியின் புனித வாசலை நாங்கள் நவம்பர் மாதம் கடந்தோம். 2026 ஜனவரி 6 அன்று அது அடைக்கப்பட்டது. இன்னும் பல ஆண்டுகளுக்கு அது திறவாது. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. வெளிநாடு போகாமலும் விமானம் ஏறாமலும், நாளையே நெடும்பயணம் புறப்படுவதாக எண்ணி, இன்று மாலை உங்கள் இரும்புப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு நோட்டு எடுத்து எழுதுங்கள். கடைசிப் பக்கம் வரை எழுதுங்கள். அங்கே ஏதேனும் ஒரு சாவி கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே நடங்கள்.